கருமுட்டைக் காப்பும் கடைமடை மகளிரும்

காவிரி நாட்டிற் பிறந்தோர் யாவரும் கடைமடை என்னும் சொல்லின் பொருளை நன்கறிவர். மேட்டூர் அணையின் மதகு திறக்கப்பெற்றது என்னும் செய்தி ஒரே நாளில் நாடெங்கும் பரவும். நீரோ அங்ஙனம் பரவுவதில்லை. அது கல்லணையைக் கடந்து, ஆறுகளாகவும் வாய்க்கால்களாகவும் பிரிந்து, தலைமடை வயல்களை நனைத்து, எஞ்சியது மட்டுமே கடலோரத்துக் காரைக்கால் நாட்டை அடையும். ஆதலின், அணை திறந்த செய்தியைக் கேட்ட அளவிற் கடைமடை உழவன் மகிழ்ந்துவிடுவதில்லை. தன் வரப்போரத்தில் நீர் வந்து நின்ற பின்னரே விதைப்பைப் பற்றி எண்ணுவான்.

மருத்துவக் கலையின் புதிய நலங்களும் இவ்வியல்பினவே. பெண்ணொருத்தி தன் கருமுட்டைகளை இளமையிலேயே எடுத்து, உறைகுளிரில் வைத்துக் காத்து, வேண்டிய காலத்தில் மகப்பேற்றுக்குப் பயன்படுத்திக்கொள்ளும் முறை இன்று மருத்துவ உலகில் நிலைபெற்றுவிட்டது. நம் நாட்டுச் சட்டமும் அதனை மணமான மகளிர்க்கும் மணமாகாத மகளிர்க்கும் ஒருங்கே அனுமதித்துள்ளது. எனினும் அனுமதி வேறு, எட்டுதல் வேறு. புதுச்சேரி ஆட்சிப் பகுதியின் காரைக்கால் மாவட்டத்தைச் சேர்ந்த நெடுங்காடு போன்றதோர் ஊரில் வாழும் பெண்ணுக்கு இந்நலம் எட்டுமா, எட்டாதாயின் இடைநிற்கும் தடைகள் யாவை, அவற்றுள் எதனை முதற்கண் நீக்குதல் தகும் என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயற்கை வகுத்த கணக்கு

கருமுட்டையைக் காத்துவைக்க வேண்டுவது ஏன் என்னும் வினாவுக்கு விடை பெண்ணுடலின் அமைப்பிலேயே உளது. ஆணின் வித்தணுக்கள் பருவம் எய்திய நாள்தொட்டு முதுமை வரையில் இடையறாது புதியனவாகத் தோன்றிக்கொண்டிருப்பவை. பெண்ணின் முட்டைகளோ அங்ஙனம் தோன்றுவன அல்ல. அவள் தன் தாயின் வயிற்றில் 5 திங்கட் கருவாக இருக்கும்பொழுதே அவளுடைய சினைப்பைகளில் 60 முதல் 70 இலட்சம் முட்டைகள் அமைந்துவிடுகின்றன. பிறக்குங்கால் அவை 10 முதல் 20 இலட்சமாகக் குறைகின்றன. பூப்பெய்தும் பருவத்தில் ஏறக்குறைய 3 அல்லது 4 இலட்சமே எஞ்சுகின்றன. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிப்படுவன 400 அல்லது 500 மட்டுமே. ஏனையவை பயன்படாமலே தேய்ந்து மறைகின்றன. பத்தாயத்தில் ஒரே முறை கொட்டிவைத்த நெல் நாளும் குறைவதன்றி மீண்டும் நிறையாதவாறு போல்வது இது.

எண்ணிக்கை குறைவதோடு தரமும் குறைகின்றது. 35 வயதுக்குப் பின்னர், முட்டையினுள் இருக்கும் நிறப்புரிகள் ஒழுங்காகப் பிரியாமற் பிழைபடுதல் மிகுதியாகும். அதனாற் கருத்தரித்தல் அரிதாதலும் கருச்சிதைவு பெருகுதலும் நிகழ்கின்றன. கருப்பையோ அத்துணை விரைவில் முதுமையுறுவதில்லை. 45 வயதுப் பெண்ணொருத்தி இளையாள் ஒருத்தியின் முட்டையைத் தானமாகப் பெற்றுக் கருவுயிர்த்தல் கூடும் என்பது மருத்துவர் பன்முறை கண்ட உண்மை. அங்ஙனமாயின், அவள் தன் இளமையிற் தன் முட்டையையே காத்து வைத்திருந்தால் அதுவே அவளுக்குப் பயன்படுமன்றோ? இக்கருத்தே இம்முறைக்கு அடிப்படை.

வயதேயன்றி நோயும் முட்டைகளை அழிக்கும். மார்பகப் புற்று, குருதிப் புற்று, நிணநீர்ப் புற்று முதலியவற்றுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளுட் சிலவும், அவற்றுட் சிறப்பாகச் சைக்ளோபாஸ்பமைடு போன்றவையும், இடுப்புப் பகுதியிற் செலுத்தப்படும் கதிர்வீச்சும் சினைப்பையைப் பெரிதும் தாக்கும். உயிரைக் காக்கும் மருந்தே மகப்பேற்றைப் போக்கிவிடுதல் ஈண்டு நிகழ்கின்றது. சினைப்பையில் மீண்டும் மீண்டும் அறுவை செய்துகொள்ள நேர்வோர்க்கும், 40 வயதுக்கு முன்னரே மாதவிடாய் நின்றுவிடும் இயல்புடையோர்க்கும் இவ்விடர் உண்டு. ஆகவே இக்காப்பு இருவகைத்து: நோயும் மருத்துவமும் காரணமாக வேண்டப்படுவது ஒன்று, வயதும் வாழ்க்கைச் சூழலும் காரணமாகத் தானே விரும்பி மேற்கொள்வது மற்றொன்று. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேற்செல்வோம்.

குளிரிற் காத்த வரலாறு

உயிரணுவை உறையவைத்தல் எளிய செயலன்று. அதன் பெரும்பகுதி நீர். நீர் உறையுங்கால் ஊசிமுனை போன்ற பனிப்படிகங்கள் தோன்றி அணுவின் உள்ளமைப்பைக் கிழித்துவிடும். 1949-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்னும் அறிஞர் மூவர், கிளிசரின் கலந்த நீர்மத்தில் வைக்கப்பெற்ற வித்தணுக்கள் உறைகுளிருக்கும் தப்பிப் பிழைக்கும் என்பதைக் கண்டு வெளியிட்டனர். இக்கண்டுபிடிப்பின் பயனைப் பெருவாரியாக முதலிற் பெற்றவை கால்நடைகளே. நம் சிற்றூர்களில் மக்கள் சினை ஊசி என்று வழங்குவது, திரவ நைட்ரஜன் நிறைந்த கலத்திற் காத்துவைக்கப்பெற்ற காளையின் வித்தே ஆகும். அரசு கால்நடை மருந்தகத்தின் வாயிலாக அஃது எளிய உழவனின் தொழுவம் வரையிற் சென்று சேர்ந்துள்ளது. இதனை வாசகர் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றேன். பின்னர் இதனைக்கொண்டு ஒரு கருத்துரைப்பேன்.

மக்கட் கருவை உறைகுளிரிற் காத்து மகவு பெற்ற வரலாற்றில் நம் நாட்டுக்கு உயர்ந்ததோர் இடமுண்டு. அவ்வரலாறு துயரம் நிறைந்ததும் ஆகும். உலகின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தை 1978-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25-ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்தது. 70 நாட்கள் கழித்து, அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள், கல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய அவர்களின் முயற்சியால் துர்கா என்னும் பெண்குழவி பிறந்தது. அவர் கையாண்ட முறை இங்கிலாந்தினர் முறையினின்றும் வேறுபட்டது. உடலுக்கு வெளியே உண்டாக்கிய கருவை அவர் 53 நாட்கள் உறைகுளிரில் வைத்துக் காத்து, அதன் பின்னரே தாயின் கருப்பையிற் சேர்த்தார். அந்நாளிற் பிறர் எவரும் செய்து முடிக்காத செயல் அது. ஆயினும் மேற்கு வங்காள அரசு அமைத்த குழு அவர் கூற்றை நம்பவில்லை. அயல்நாட்டு மாநாட்டிற்குச் செல்லவும் அவருக்கு இசைவு கிடைக்கவில்லை. அவர் பயிற்சிக்குத் தொடர்பில்லாத கண்மருத்துவ நிலையம் ஒன்றுக்கு மாற்றவும் பெற்றார். மனமுடைந்த அவர் 1981-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் அறிஞர் தி. சி. ஆனந்தகுமார் அவருடைய கையெழுத்துக் குறிப்புக்களை ஆராய்ந்து, இந்தியாவின் முதற் சோதனைக் குழாய்க் குழந்தையைத் தோற்றுவித்த பெருமை முகோபாத்யாயருக்கே உரியது என்று 1997-இல் எடுத்துரைத்தார். ஆனந்தகுமாரோ 1986-இல் பம்பாயில் அத்தகைய குழந்தை பிறக்கத் துணைநின்று, அதுகாறும் அப்பெருமையைத் தாமே பெற்றிருந்தவர் என்பது இங்கு நினைத்தற்குரியது.

கருவினும் முட்டையை உறையவைத்தல் கடினம். மக்களுடலின் அணுக்களுள் மிகப் பெரியதும் நீர் மிகுந்ததும் அதுவே. 1986-ஆம் ஆண்டிற் சிங்கப்பூர் மருத்துவர் கிறிஸ்டோபர் சென் உறைவித்த முட்டையினின்றும் இரட்டைக் குழவிகள் பிறந்த செய்தியை முதன்முதல் வெளியிட்டார். ஆயினும் மெல்ல மெல்லக் குளிர்விக்கும் அப்பழைய முறையிற் பல முட்டைகள் சிதைந்தன. பின்னர், நீர் படிகமாவதற்கு இடமே கொடாமல் நொடிப்பொழுதிற் கண்ணாடி போன்ற நிலைக்குக் கொணரும் முறை வகுக்கப்பெற்றது. அம்முறையாற் காக்கப்பெற்ற முட்டையினின்றும் குழவி பிறந்த செய்தி 1999-இல் வெளிவந்தது. ஜப்பானிய அறிஞர் குவாயாமா அதனை மேலும் செம்மைப்படுத்தினார். 2012-ஆம் ஆண்டில் அமெரிக்க மகப்பேற்று மருத்துவக் கழகம், கருமுட்டை உறைவித்தல் இனிச் சோதனை நிலையிலுள்ள முறையன்று என்று அறிவித்தது. நம் நாட்டில், 1997-இல் உலக அழகியாகத் தேர்வு பெற்ற டயானா ஹேடன் ஏறக்குறைய 8 ஆண்டுகள் உறைவில் வைத்திருந்த தம் முட்டையினின்றும் 2016-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு பெண்மகவைப் பெற்றார். அந்நிகழ்ச்சியால் இம்முறை செய்தித்தாள் படிப்போர் பலருக்கும் அறிமுகமாயிற்று.

செய்முறையும் அதன் எல்லையும்

இனிச் செய்முறையைச் சுருங்க உரைப்போம். இயல்பாகத் திங்கள்தோறும் ஒரு முட்டையே முதிரும். பல முட்டைகளை ஒருங்கே முதிர்விக்கும் பொருட்டுப் பெண்ணுக்கு 10 முதல் 12 நாட்கள் வரையில் நாள்தோறும் இயக்குநீர் ஊசி போடப்படும். இடையிடையே ஒலியலைக் கருவியாற் சினைப்பையை நோக்கி வளர்ச்சியைக் கணிப்பர். இறுதி ஊசி போட்ட ஏறக்குறைய 36 மணி நேரத்துக்குப் பின், மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய ஊசியால் முட்டைகளை உறிஞ்சி எடுப்பர். முதிர்ந்தவற்றைத் தேர்ந்து, பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை குளிர்ந்த திரவ நைட்ரஜனில் இட்டுவைப்பர். வேண்டுங்காலத்து அவற்றை உருக்கி, வித்தணுவைச் செலுத்திக் கருவாக்கிக் கருப்பையிற் சேர்ப்பர். சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பெற்று வயிறு வீங்குதலும் மூச்சுத் தடையும் உண்டாகலாம். குருதிக் கசிவும் கிருமித் தொற்றும் அரிதாக நேர்வதுண்டு.

புற்றுநோயுற்றார்க்கு ஒரு சிறப்புச் செய்தி உண்டு. முன்னாளில் மாதவிடாய் வரும்வரை காத்திருந்தே ஊசி தொடங்குவர். அதனாற் புற்றுநோய் மருத்துவம் தாமதப்படும் என்று அஞ்சினர். இந்நாளில் எந்த நாளிலும் தொடங்கி இரண்டு கிழமைக்குள் முடித்துவிடலாம். அவ்வளவு காலமும் பொறுக்க இயலாதார்க்கும், இன்னும் பூப்பெய்தாத சிறுமியர்க்கும் சினைப்பையின் ஒரு பகுதியையே எடுத்து உறைவித்துப் பின்னர் உடலிற் பொருத்தும் முறை உளது. இம்முறையால் முதற் குழவி பிறந்த செய்தி 2004-ஆம் ஆண்டிற் பெல்ஜியம் நாட்டினின்றும் வெளிவந்தது.

இங்கு ஒன்றை அழுத்திக் கூறுதல் வேண்டும். உறைவித்த முட்டை உறுதிப் பத்திரமன்று. ஸ்பெயின் நாட்டு மருத்துவர் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 35 வயதுக்குள் எடுத்த 10 முட்டைகளைப் பயன்படுத்தியோருள் நூற்றுக்குச் சுமார் 60 பேர் மகவு பெறுவர் என்றும், அவ்வயதைக் கடந்து எடுத்தோருள் அதே 10 முட்டைகளால் நூற்றுக்குச் சுமார் 30 பேரே பெறுவர் என்றும் கணக்கிட்டனர். முட்டையின் இளமையே பயனை உறுதிசெய்கின்றது. குளிர் அவ்விளமையைக் காக்குமேயன்றி இழந்த இளமையை மீட்டுத் தராது. விளம்பரங்களில் இவ்வுண்மை தெளிவாகக் கூறப்படுவது அருமை. ஆதலாற் கற்றோர் இதனை அறிந்து பிறருக்கும் உரைத்தல் கடமை.

சட்டம் திறந்த மதகு

இந்தியப் பாராளுமன்றம் 2021-ஆம் ஆண்டில் இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2022-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின்படி 21 வயதுக்கு மேலும் 50 வயதுக்குக் கீழும் உள்ள பெண் இச்சேவைகளைப் பெறலாம். அவள் மணமானவளாக இருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை. மருத்துவ நிலையங்கள் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். எழுத்து மூலமான உடன்பாடு பெறுதல் வேண்டும். ஒருவர் தம் முட்டையையோ கருவையோ நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்ல விரும்பின், தம் சொந்தப் பயனுக்காக மட்டும் தேசிய வாரியத்தின் இசைவு பெற்றுக் கொண்டுசெல்லலாம்.

இது பிற நாட்டுச் சட்டங்கள் சிலவற்றினும் தாராளமானது. நம் கடற்கரை மக்கள் பலர் தொழில் நாடிச் செல்லும் சிங்கப்பூரில், 2023-ஆம் ஆண்டு ஜூலை முதலாகத்தான் மருத்துவக் காரணமின்றித் தன்விருப்பாக முட்டையை உறைவித்தல் அனுமதிக்கப்பட்டது. 21 முதல் 37 வயது வரையிலுள்ள பெண் முட்டையைக் காத்துவைக்கலாம். ஆனால் சட்டப்படி மணம் செய்துகொண்ட பின்னரே அதனைப் பயன்படுத்தலாம். நம் சட்டத்தில் இத்தடை இல்லை.

எனினும் நம் சட்டத்திலும் சில இடைவெளிகள் உள. 17, 18 வயதிற் குருதிப் புற்றால் வருந்தும் பெண்ணுக்கு 21 என்னும் வயது வரம்பு இடர் தருவது. வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டமோ, தனித்து வாழும் மகளிருள் 35 முதல் 45 வயது வரையிலுள்ள கைம்பெண்ணுக்கும் மணமுறிவு பெற்றவளுக்கும் மட்டுமே இடந்தருகின்றது. கதிர்வீச்சினாற் கருப்பை பழுதுற்ற மணமாகாத பெண், தன் முட்டைகளைக் காத்து வைத்திருந்தும் அவற்றைப் பயன்படுத்த வழியில்லை. மதகு திறந்துள்ளது, ஆயினும் கிளைவாய்க்கால்கள் சில இன்னும் வெட்டப்படவில்லை.

நெடுங்காட்டிலிருந்து நோக்கின்

நெடுங்காடு, வயல்கள் சூழ்ந்த கொம்யூன். காரைக்கால் மாவட்டமோ நாற்புறமும் தமிழ்நாட்டு நிலமும் வங்கக் கடலும் சூழ, தன் தலைநகராகிய புதுச்சேரியினின்றும் சுமார் 130 கிலோமீட்டர் விலகி நிற்பது. அவ்வூரில் 26 வயதுடைய மணமாகாத பெண்ணொருத்திக்கு மார்பகப் புற்று கண்டறியப்பட்டது என்று எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவள் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவ நிலையத்திலுள்ள வட்டாரப் புற்றுநோய் மையத்துக்கோ சென்னைக்கோ செல்வாள். பெற்றோருக்கு அவள் உயிர் ஒன்றே கவலை. மருத்துவம் தொடங்குதற்கு முன் உள்ள இரண்டு மூன்று கிழமைகளே அவளுடைய முட்டைகளைக் காப்பதற்குரிய காலம்.

அக்காலத்தில் அவள் முன் நிற்கும் தடைகள் நான்கு. முதலாவது, சொல்லாமை. மணமாகாத பெண்ணிடம் மகப்பேற்றைப் பற்றிப் பேசுதல் நாணத்துக்குரியது என்று நம் மக்கள் கருதுவர். உடன்வரும் தந்தையும் தமையனும் கேளார். தாய் கேட்க அஞ்சுவாள். நோயாளர் கூட்டத்தின் நடுவே மருத்துவரும் உயிர்காக்கும் செய்தியை மட்டும் கூறி முடித்துவிடுதல் கூடும். மருத்துவம் முடிந்து, உடல் தேறி, மணப்பேச்சு எழுங்கால்தான் இழந்தது இன்னதென்று அவள் அறிவாள். இரண்டாவது, தொலைவு. உறைவிக்கும் வசதியுள்ள நிலையங்கள் பெருநகரங்களிலேயே உள்ளன. நாள்தோறும் ஊசியும் இடையிடையே சோதனையும் வேண்டுதலின், அவள் அங்குத் தங்கியாதல் வேண்டும். மூன்றாவது, பொருள். தனியார் நிலையங்களில் ஒருமுறை முட்டையெடுத்தற்கு ஆகும் செலவு பொதுவாக ஓர் இலட்சம் ரூபாயைக் கடக்கும். அதன்மேல் ஆண்டுதோறும் காப்புக் கட்டணமும் உண்டு. ஏழை எளியோருக்கென 2018-இல் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் மகப்பேறின்மைக்குரிய மருத்துவங்களை விலக்கியுள்ளது. தனியார் காப்பீட்டுப் பத்திரங்களிலும் இவ்விலக்கு வழக்கமாகக் காணப்படுகின்றது. புற்றுநோய்க்குப் பணம் உண்டு. அம்மருத்துவத்தால் விளையும் இழப்பைத் தடுக்கப் பணம் இல்லை. நான்காவது, மறைவு. மகள் முட்டை உறைவித்தாள் என்னும் செய்தி வெளிப்படின் மணம் தடைப்படுமோ என்னும் அச்சம்.

நோயின்றித் தன்விருப்பால் முட்டையைக் காக்க எண்ணும் பெண்ணுக்குச் சொல்லாமையைத் தவிர ஏனைய மூன்று தடைகளும் அவ்வாறே உள. அவள் தம்பி தங்கையரைப் படிக்கவைக்கும் ஆசிரியையாக இருக்கலாம். அயல்நாட்டிற் பணிபுரியும் செவிலியாக இருக்கலாம். இத்தகையோர் பதவி ஆசையால் தாய்மையை ஒத்திப்போடுகின்றனர் என்பர் சிலர். அமெரிக்க மானிடவியல் அறிஞர் மார்சியா இன்ஹார்ன், முட்டை உறைவித்த 150 மகளிரை நேரிற் கண்டு உரையாடி 2023-இல் வெளியிட்ட நூலில், அவர்களுட் பெரும்பாலோர்க்குக் காரணம் பதவியன்று, தக்க துணை கிடையாமையே என்று காட்டினார். வரன் அமையாது காத்திருக்கும் பெண்கள் உள்ள வீடுகளை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

காரைக்கால் நாட்டுக்கே உரிய மற்றொரு நிலைமையும் இங்குக் கருதற்பாலது. இந்நாடு 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையிற் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அப்பொழுது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியோர் ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்கலாம் என்று உடன்படிக்கை இடந்தந்தது. அதனால் ஒரே குடும்பத்தில் ஒரு கிளையினர் இந்தியராகவும் மற்றொரு கிளையினர் பிரெஞ்சியராகவும் இருத்தல் இங்கு இயல்பு. பிரான்சு நாடு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாட் சட்டத்தால் தன்விருப்ப முட்டைக் காப்பை அனுமதித்தது. 29-ஆம் பிறந்தநாள் முதல் 37-ஆம் பிறந்தநாள் வரையில் பெண் தன் முட்டையை எடுத்துக் காத்துவைக்கலாம்; எடுக்கும் செலவை அந்நாட்டுச் சமூகக் காப்பீடு ஏற்கும்; ஆண்டுதோறும் வைத்திருக்கும் கட்டணத்தை மட்டும் அவள் செலுத்துவாள். ஆகவே, பாட்டனார் 1962-இல் இட்ட ஒரு கையெழுத்தின் விளைவாக, பாரிசில் வாழும் பேர்த்திக்குப் பொதுப்பணத்திற் கிடைக்கும் நலம், நெடுங்காட்டில் வாழும் அவளுடைய பெரியப்பன் மகளுக்குச் சொந்தப் பணம் இருந்தாலன்றிக் கிடைப்பதில்லை. இருவருக்கும் சட்டம் அனுமதி தந்துள்ளது. வேறுபாடு அனுமதியில் இல்லை, செலவை ஏற்பார் யார் என்பதில் உளது. ஜப்பானிலும் இளம் புற்றுநோயாளரின் மகப்பேற்றுக் காப்புக்கு 2021 முதலாக அரசு உதவித்தொகை வழங்குகின்றது. டோக்கியோ மாநகர அரசு 2023 முதலாகத் தன்விருப்பக் காப்புக்கும் உதவுகின்றது.

மறுப்புரைகள்

இதற்கு மாறாகக் கூறப்படுவனவற்றையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். குருதிச் சோகையும் பேறுகாலத் துன்பமும் இன்னும் நீங்காத நாட்டில் இது செல்வர் விளையாட்டு என்பர் சிலர். கர்ப்பிணிக்கு வேண்டும் உணவும் மருந்தும் முந்துறல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு நலம் எளியோர்க்கு எட்டவில்லை என்பது அதனைச் செல்வர்க்கே விட்டுவிடுதற்குக் காரணமாகாது. காளையின் வித்தை உறைகுளிரில் இட்டு ஊர்தோறும் கொண்டுசேர்க்க அரசால் இயன்றது. பாற்பெருக்கம் நாட்டுக்கு இன்றியமையாதது என்று கருதியமையால் இயன்றது. அக்குளிர்க் கலத்தை மருத்துவமனைக்குக் கொணர்தல் இயலாத செயலன்று; இன்றியமையாதது என்னும் எண்ணமே இன்னும் பிறக்கவில்லை.

சமய நோக்கில் தடை கூறுவாரும் உளர். கத்தோலிக்கத் திருச்சபை 2008-இல் வெளியிட்ட அறிக்கையில், செயற்கைக் கருத்தரிப்பின் பொருட்டு முட்டையை உறைவித்தலை அறநெறிக்கு ஒவ்வாதது என்று உரைத்தது. அவ்வழி நிற்போர் தம் மனச்சான்றின்படி நடத்தல் முறையே. பிறர் நெறியை அவரவர் மனச்சான்றுக்கு விடுதலும் முறையே.

மூன்றாவது மறுப்பு வலியுடையது. 2014-இல் அமெரிக்காவின் பெருநிறுவனங்களாகிய பேஸ்புக்கும் ஆப்பிளும் தம் பெண் பணியாளரின் முட்டைக் காப்புச் செலவை ஏற்க முன்வந்தபொழுது, பிள்ளைப்பேற்றைத் தள்ளிவைத்து வேலை செய்க என்பதே இதன் உட்பொருள் என்று பலர் கண்டித்தனர். பேறுகால விடுப்பும் குழவி காப்பகமும் தருவதற்கு மாற்றாக இது கொடுக்கப்படுமாயின், அது பெண்ணுக்குச் செய்யும் நன்மையாகாது. உறைவித்தோருட் பெரும்பாலோர் அம்முட்டைகளை நாடி மீண்டும் வருவதில்லை என்பதும் பல நாட்டுப் பதிவுகளால் விளங்குகின்றது. ஆதலின் தன்விருப்பக் காப்பு அறிந்து, எண்ணி, தானே துணிந்து செய்யும் செயலாக இருத்தல் வேண்டுமேயன்றி, அச்சமூட்டி விற்கப்படும் சரக்காக இருத்தலாகாது.

முதற்கண் செய்யத்தக்கது

இவ்வாராய்ச்சியால் வரிசை முறை ஒன்று பெறப்படும். நோயினால் மகப்பேற்றை இழக்கவிருப்போர் முதற்கண் கவனிக்கப்படுதல் வேண்டும். அவர்களுக்கு வேறு காலம் இல்லை. தன்விருப்பக் காப்பு அதன்பின் வைத்து எண்ணத்தக்கது.

நான்கு தடைகளுள்ளும் சொல்லாமையை நீக்குதற்குப் பொருட்செலவு வேண்டுவதில்லை. மகப்பேற்றுக்குரிய வயதிலுள்ள எந்தப் பெண்ணுக்கும் புற்றுநோய் மருத்துவம் தொடங்குமுன், இம்மருந்தாற் கருத்தரிக்கும் ஆற்றல் கெடுதல் கூடும், அதனைக் காக்க வழியுண்டு என்று ஒருவர் சொல்லுதல் வேண்டும். சொன்னதற்கு அடையாளமாக நோயேட்டில் ஒருவரி எழுதுதல் வேண்டும். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் கழகம் 2006-ஆம் ஆண்டிலேயே இதனை நெறியாக வகுத்தது. காரைக்காலிலும் புதுச்சேரியிலும் இதனைப் பின்பற்றப் புதிய கட்டடமும் வேண்டா, புதிய கருவியும் வேண்டா. வேண்டுவது நாணத்தை ஒருபுறம் வைத்துப் பேசும் நாவொன்றே.

பொருளையும் தொலைவையும் நீக்குதல் அரசின் கடன். தமிழ்நாட்டரசு சென்னை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிற் செயற்கைக் கருத்தரிப்பு மையத்தை நிறுவியுள்ளது. நோய் காரணமாக முட்டையைக் காப்போர்க்கு இத்தகைய அரசு நிலையங்களில் முதலிடம் தருதலும், காப்பீட்டுத் திட்டங்களில் அச்செலவைப் புற்றுநோய் மருத்துவத்தின் ஒரு பகுதியாகச் சேர்த்தலும், 21 வயது நிரம்பாதார்க்கு மருத்துவக் காரணம் பற்றித் தெளிவான விதி வகுத்தலும் வேண்டப்படுவன. ஊசிகளை உள்ளூர் மருத்துவமனையிற் போட்டுக்கொண்டு முட்டையெடுத்தற்கு மட்டும் நகரம் செல்லுமாறு ஏற்பாடு செய்தால், தங்குஞ் செலவும் குறையும்.

மறைவை நீக்குதல் நம் போன்ற கல்விச் சாலைகளின் பணி. தாவரத்தின் சூல்முடியையும் மகரந்தத்தையும் வகுப்பறையில் தயங்காமல் வரைந்து விளக்குகின்றோம். தம் உடலில் எத்தனை முட்டைகள் உள, அவை எந்த வயதில் குறையும் என்பதைப் பட்டம் பெற்ற மாணவியரும் அறியார். மாணவரும் இதனை அறிதல் வேண்டும். நாளை தமக்கையின் நோயேட்டைக் கையிலேந்தி மருத்துவமனை வாயிலில் நிற்கப்போகின்றவர் அவரே. அப்பொழுது மருத்துவர் சொல்ல மறந்தாலும், 'ஐயா, மருந்து தொடங்குமுன் இவளுடைய கருமுட்டைகளைக் காக்க வழியுண்டா?' என்று அவர் கேட்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயன் நிறைவேறும்.